டேங்க் எத்தனை லிட்டர்?

தேனி ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் கையில் ஒரு சூட்கேஸ், தோளில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டி இரண்டரை அடி நீளம். முந்தின நாள் ராத்திரி சென்னை சென்ட்ரலில் ஏறியதிலிருந்து பெர்த்தில் அது காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, மிச்சமிருந்த இடத்தில் நான் கேள்விக்குறி மாதிரி சுருண்டு வந்திருந்தேன்.

உசிலம்பட்டி தாண்டியதும் எதிர் சீட் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ராத்திரியிலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன். உள்ளே என்ன?"

"டேங்க் சார்."

"அப்படியா! எத்தனை லிட்டர்?"

நான் விளக்குவதற்குள் பக்கத்து சீட் அம்மாள், கறுப்பு டேங்க்கில் வெயில் காலத்தில் தண்ணீர் கொதிக்கும், வெள்ளைதான் நல்லது என்று சொல்லிவிட்டார். நானும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டேன். முப்பத்தாறு வயசில், மீசை நரைக்க ஆரம்பித்திருக்கும் ஒருத்தன், 'உள்ளே ரிமோட்டில் ஓடும் பொம்மை பீரங்கி வண்டி இருக்கிறது' என்று ரயில் பெட்டியில் எப்படிச் சொல்வான்?

தேனி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரும் அதையேதான் கேட்டார். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு, "தண்ணி டேங்க்குக்கா இம்புட்டு அலுங்காம பிடிச்சுக்கிட்டு வர்றீக?" என்றார் சந்தேகமாக.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். வீரபாண்டி, சின்னமனூர் என்று போகப்போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். இடது பக்கம் மேகமலை. வலது பக்கம் இருக்கிற மலைக்கு அந்தாண்டை கேரளா. நடுவில் வயலும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895-லிருந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. அதை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல். அணை கட்டின பென்னிகுயிக் துரைக்கு இங்கே பொங்கல் வைக்கிறார்கள். வருஷம் ஜனவரி 15, அவர் பிறந்த நாள். வெள்ளைக்காரர்களில் வேறு யாருக்கு இந்த யோகம்!

சரி, உத்தமபாளையத்துக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பெண் கொடுத்த சம்பந்தம்தான்.

என் மாமனார் ராணுவத்தில் டேங்க் ஓட்டியவர். 1977-ல் சேர்ந்து, அகமத்நகரில் பழகி, முதலில் விஜயந்தா, அப்புறம் டி-72 என்று ராஜஸ்தான் மணலில் பாதி ஆயுசை உழுதவர். (அகமத்நகருக்கு இப்போது அகில்யாநகர் என்று பேர். மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது யாரு?" என்றார்.) விஜயந்தா நம் ஆவடியில் செய்த வண்டி, முதல் வண்டி 1965-ல் வெளியே வந்தது. டி-72 ரஷ்யாக்காரன் வரைந்தது, பிற்பாடு அதையும் ஆவடியிலேயே செய்து 'அஜேயா' என்று பேர் வைத்தார்கள். ராஜஸ்தானில் நாற்பது டன் வண்டியை ஓட்டிய மனுஷன், ஊருக்கு வந்து டி.வி.எஸ். ஐம்பது ஓட்டினார்.

இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. வலது கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கை லேசாக நடுங்குகிறது. மூட்டு வலி வேறு. திண்ணையில் ஒரு நாற்காலி, அதில் மாமா, கையில் முன்னாள் ராணுவத்தினர் கேண்டீன் கார்டு. மாதச் சாமான் வாங்கக்கூட அடுத்தவர் துணையோடு போக வேண்டியிருக்கிறதே என்று கார்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவருக்காகத்தான் போன தீபாவளிக்கு நான் ஒரு ரிமோட் டேங்க் வாங்கிக்கொண்டு போனேன். அங்கேதான் முதல் தப்பு.

1/35 என்ற அளவில் ஒரு கிட். அதாவது, நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே கோத்தேன். கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம். வண்டி ஓடியது, அதனால் ஸ்க்ரூவைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடையில் அந்த அளவில் கிடைத்தது ஜெர்மன்காரனின் டைகர். குழாயோடு சேர்த்து 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிடச் சின்னது.

மாமா உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு மாப்ள. ஆனா, இது நம்ம வண்டி இல்லையே?"

"டேங்க்தானே மாமா?"

"அம்பாசிடர் ஓட்டினவன்கிட்டே லாரியைக் காட்டி, வண்டிதானேன்னா எப்படி?"

வாஸ்தவம்தான். ஆனாலும் வயலுக்குப் பக்கத்தில் இருக்கும் நெல் களத்துக்குப் போனோம். நான், மாமா, என் சகலையின் மகன் (ஆறாம் வகுப்பு). நாற்காலியைக் களத்து ஓரம் போட்டு மாமாவை உட்காரவைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். வண்டி பத்தடி ஜோராகப் போனது. களத்தை விட்டு இறங்கியதும் ஒரு மண்கட்டியில் முட்டி நின்றது. கட்டி மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்கும், அவ்வளவுதான். முப்பத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள். அந்த வண்டிக்கு அது ஒரு மீட்டருக்கு மேல் உயரமான சுவர்!

பையன் எடுத்து வேறு பக்கம் விட்டான். இந்த முறை அறுத்த நெல் தாளுக்குள் நுழைந்தது. அவ்வளவுதான், காணோம். மோட்டார் சத்தம் மட்டும் கொசு மாதிரி கேட்கிறது.

"தாத்தா, லெஃப்ட்ல ஒடிங்க!"

மாமா ஒடிக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டார்.

"நீயே ஓட்டுப்பா. எனக்கு முதுகு வலிக்கி."

ராத்திரி அத்தைதான் சொன்னார்கள். "முதுகும் இல்லை, ஒண்ணும் இல்லை மாப்ள. அவுகளுக்கு அது கண்ணுக்கே தெரியலையாம். பேரன் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வந்துட்டாக."

மறுநாள் காலை டைகர், ஷோகேஸில் செட்டியார் பொம்மைக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிக்கும் நடுவில் நின்றது.

சென்னைக்குத் திரும்பியதும்தான் இந்த அளவு விவகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

முதலில் இந்த 1/35 எங்கிருந்து வந்தது? ஏதோ விஞ்ஞானி கணக்குப் போட்டு வைத்தது என்று நினைத்தேன். இல்லவே இல்லை. ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் டாமியா என்று ஒரு கம்பெனி. அறுபதுகளின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பான்தர் டேங்க் ஒன்று செய்தார்கள். உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்குத் தக்கபடி உடம்பைச் செய்தார்கள். அமோகமாக விற்றது. இதே அளவில் வேறு டேங்க்கும் செய்யலாமே என்று பிற்பாடு அளந்து பார்த்தால், நிஜத்தில் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்கு! அதுவே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. பேட்டரிக்குச் சட்டை தைத்து, சட்டைக்கு உலக அளவு என்று பேர் வைத்த கதை.

1/16 அப்படியில்லை. அது இங்கிலீஷ்காரன் அடிக்கோல் கணக்கு. நிஜத்தில் ஒரு அடி என்றால் மாடலில் முக்கால் அங்குலம். 1/24 என்றால் அடிக்கு அரை அங்குலம். டாமியா 1974-ல் தன் முதல் ரேடியோ கன்ட்ரோல் வண்டியைச் செய்தபோது எடுத்துக்கொண்டது இந்த 1/16-ஐத்தான். அது ஷெர்மன் டேங்க். இன்றைக்கும் ரிமோட் டேங்க் ஆசாமிகளில் பெரும்பாலோர் நிற்பது 1/16-ல்தான்.

ஒரு நாள் ராத்திரி ஹாலில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமாவின் டி-72, குழாயோடு சேர்த்து 9.53 மீட்டர் நீளம், 3.59 மீட்டர் அகலம். 1/35-க்கு 27 சென்டிமீட்டர், 1/24-க்கு 40, 1/16-க்கு 60 என்று தரையில் மூன்று கட்டம் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மார்கழி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இப்ப என்ன கோலம்?"

"உங்கப்பாவுக்கு டேங்க்."

"அதான் ஒண்ணு வாங்கிக் குடுத்து மூலையில உட்கார்ந்திருக்கே."

"அது சின்னது. அவருக்குத் தெரியலை."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அறுபது சென்டிமீட்டர் கட்டத்துக்குள் போய் நின்று, "இது எவ்வளவு ஆகும்?" என்றாள். சொன்னேன். கட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டாள். இறக்குமதி, வரி, கூரியர் எல்லாம் சேர்ந்தால் ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு பழைய பைக்கே வாங்கலாம்.

1/24-ஐ எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். விலை குறைவு. பெட்டியும் ரயிலில் அடங்கும். ஃப்ளாட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓட்ட அருமையான அளவு. என்னை மாதிரி ஹாலே பத்துக்குப் பன்னிரண்டு என்று இருக்கிறவர்களுக்கு 1/24, இல்லாவிட்டால் 1/35. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சோபாவை விற்க வேண்டும். பெரிசு என்றால் 1/6 கூட இருக்கிறது. அந்த அளவில் டி-72 ஐந்தேகால் அடி நீளம் வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் நம்பர் வாங்காததுதான் பாக்கி.

ஆனால் ஓடப்போவது என் ஹாலில் இல்லையே. உத்தமபாளையத்துக் களத்தில். பார்க்கப்போவது என் கண் இல்லை, மாமாவின் ஒற்றைக் கண். கணக்கை அங்கிருந்து போட்டேன். பத்து மீட்டர் தூரத்தில் 1/35 வண்டி ஓடினால், கண்ணுக்கு அது 350 மீட்டருக்கு அப்பால் நிஜ டேங்க் நிற்கிற மாதிரி. அதே தூரத்தில் 1/16 என்றால் 160 மீட்டர். பாதிக்கும் குறைவு. மண்கட்டி கணக்கும் போட்டேன். நிஜ டி-72 ஏறக்கூடிய செங்குத்துத் தடை 85 சென்டிமீட்டர். 1/35-க்கு அது இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை, 1/16-க்கு ஐந்துக்கு மேல். ஆக, தீபாவளிக்கு நம்மை நிறுத்திய அந்த மூன்று சென்டிமீட்டர் கட்டி இதற்கு வெறும் வேகத்தடை!

இன்னொரு வேடிக்கை, எடை. நீளம் பதினாறில் ஒரு பங்கு என்றால் எடையும் அப்படியே குறையும் என்றுதான் என் பி.காம். மூளை சொன்னது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை 4,096-ல் ஒரு பங்காகிவிடும். 41.5 டன் வண்டி, சரியான அளவில் பத்துக் கிலோதான். பிளாஸ்டிக்கில் செய்தது அதிலும் பாதிக்குக் கீழே. அதனால் ரிமோட் டேங்க் சேற்றில் புதையாது. சேறுதான் அதில் புதையும். பல் சக்கரத்தில் களிமண் அப்பி, அருகம்புல் சுற்றி, செயின் கழன்று உட்கார்ந்துவிடும். டேங்க்கைச் சின்னதாக்கலாம். அருகம்புல்லை யார் சின்னதாக்குவது?

கடைசியில் வாங்கியது ஹெங் லாங் என்ற சீனக் கம்பெனியின் 1/16 டி-72. கோத்தே வந்தது, ஸ்க்ரூ மிச்சம் வைக்க வாய்ப்பில்லை. போனஸில் ஒரு பகுதியும், அரியர்ஸ் முழுசும் போயிற்று. மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: "அப்பாகிட்டே விலையைச் சொல்லாதீங்க. பென்ஷன்ல குடுக்குறேன்னு நிப்பாரு."

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் அத்தை எட்டிப் பார்த்தார்கள். "வாங்க மாப்ள. என்னது, இம்புட்டுப் பெரிய பொட்டி?"

"டேங்க் அத்தை."

"மாடியில ஏற்கெனவே ரெண்டு இருக்கே!"

மாமா மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்து வண்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். விரலால் தடவிக்கொண்டே போனார். வட்டமான டரட். நீளக் குழாய். முன்பக்கம் நட்ட நடுவில் டிரைவர் மூடி. அங்கே விரல் நின்றது.

"இங்கேதான் மாப்ள. மூடியை அடைச்சா உள்ளே ரெண்டு லீவரும் நானும்தான். இடது லீவரை இழுத்தா இடது பக்கம் திரும்பும். வலதை இழுத்தா வலது பக்கம். விஜயந்தாவுல நாலு பேரு, இதுல மூணு பேரு. குண்டு மாத்துற ஆளு கிடையாது, மிஷினே மாத்திடும்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாமா என்னிடம் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

பேட்டரி சார்ஜ் ஏறுகிற நேரத்தில் பையன் என்னைக் கருப்பணசாமி கோயில் பாறைக்கு இழுத்துக்கொண்டு போனான். உத்தமபாளையம் வருகிறவர்கள் தென்காளஹஸ்தி என்று பேர் வாங்கிய காளாத்தீஸ்வரர் கோயிலில் ராகு கேதுவைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்தப் பாறையை விட்டுவிடாதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இது திருக்குணகிரி. சமணத் தீர்த்தங்கரர்களைப் பாறையில் வரிசையாகச் செதுக்கி, வட்டெழுத்தில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வாரமாக அளவுப் பைத்தியம் அல்லவா? அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். சமணச் சிற்பத்தில் தீர்த்தங்கரர் பெரிசாக இருப்பார், சாமரம் வீசுகிறவர் பக்கத்தில் சின்னதாக இருப்பார். அடிக்கு முக்கால் அங்குலம் கணக்கெல்லாம் அந்தச் சிற்பிக்கு இல்லை. யார் கண்ணில் பட வேண்டுமோ அவர் பெரிசு.

"சித்தப்பா, சார்ஜ் ஏறியிருக்கும்" என்றான் பையன். சமணரை விட்டுவிட்டு ஓடினோம்.

சாயங்காலம் அதே களம். இரண்டாம் போகம் அறுத்து வயல் காய்ந்து கிடந்தது. மேகமலைப் பக்கமிருந்து காற்று. அதே இடத்தில் நாற்காலி. ரிமோட்டை நீட்டினேன். மாமா வாங்கவில்லை.

"பையன் ஓட்டட்டும்."

"முதல்ல நீங்க, தாத்தா."

இந்த ரிமோட்டில் குச்சியைக் கொஞ்சம் தள்ளினால் கொஞ்சமாக ஓடும், நிறையத் தள்ளினால் வேகமாக ஓடும். நல்ல வசதிதான். ஆனால் நடுங்குகிற கைக்கு அதுவே வினை. மாமாவின் விரல் ஆடியது, வண்டியும் ஆடியது. டாஸ்மாக்கிலிருந்து கிளம்பின மாதிரி களத்தில் கோணல்மாணலாகப் போனது. பையன் சிரித்துவிட்டான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு செலவழித்து மனுஷனை இன்னொரு தடவை அவமானப்படுத்திவிட்டோமோ?

மாமா வண்டியை நிறுத்தினார். கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டு, அதன் பிடிமேல் ரிமோட்டை அழுத்தி வைத்தார். மணிக்கட்டு அசையாமல், கட்டைவிரல் மட்டும் குச்சிமேல்.

"வண்டிக்குள்ள மட்டும் ஆடாமயா இருந்துச்சு? நாற்பது டன்னும் ஆடும். எங்கே சாயணும்னு தெரியணும், அவ்வளவுதான்."

வண்டி கிளம்பியது. இந்தத் தடவை நேராக. களத்தின் கடைசி வரை போய், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பி, எங்களைப் பார்த்து வந்தது.

"தெரியுதா மாமா?" கேட்டே விட்டேன்.

"டரட்டு தெரியுது. குழா தெரியுது. செயின் தெரியலை." கொஞ்சம் விட்டு, "நூத்தம்பது கெஜத்துல பாக்குற மாதிரி இருக்கு" என்றார். என் 160 மீட்டர் கணக்கு அவருக்கு நான் சொல்லவே இல்லை!

களத்தைவிட்டு வயலில் இறக்கினார். மண்கட்டிமேல் மூக்கைத் தூக்கி ஏறி, பொத்தென்று இறங்கிப் போனது. அதற்கப்புறம் ஒரு வாய்க்கால். தண்ணீர் இல்லை, ஒரு சாண் அகலம். பையன் "தாத்தா, நேரா விடுங்க, தாண்டிரும்!" என்று குதித்தான். எனக்குத் தெரியும், தாண்டாது. நிஜ வண்டி தாண்டும் பள்ளம் 2.8 மீட்டர். பதினாறால் வகுத்தால் பதினேழரை சென்டிமீட்டர். ஒரு சாண் அதைவிட நாலைந்து சென்டிமீட்டர் கூட. சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் வண்டி வாய்க்கால் ஓரத்தில் நின்றுவிட்டது. மாமா நாற்காலியில் சற்று முன்னால் குனிந்தார்.

"இதுல விட்டா மூக்கு குத்திக்கிரும். கரையோரமாப் போயி குறுகலான இடம் பாக்கணும்."

கரையோரமாக விட்டார். வண்டி இருபதடி தள்ளிப் போயிற்று. அதற்கு மேல் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. நான் ரிமோட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். மாமா எழுந்து நின்றார். கைத்தடியைப் பையனிடம் கொடுத்துவிட்டு, அவன் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"பின்னாடியே நடந்தா தெரியும்ல?"

நிஜ டி-72 சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும். 1/16-க்கு அது மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் கீழே, ஒரு ஆள் நடக்கிற வேகம். மூட்டு வலிக்காரர் நடக்கிற வேகத்துக்கு மாமா குச்சியைப் பாதி தள்ளிக்கொண்டார். வண்டி முன்னால், தாத்தாவும் பேரனும் பின்னால். வரப்பில் பேரன், வயலில் தாத்தா. வாய்க்கால் ஒடுங்குகிற இடத்தில் வண்டியைத் தாண்டவிட்டு, அவரும் தாண்டினார். வயலின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டார்கள். நான் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோயிற்று. பல் சக்கரத்தில் அருகம்புல் ஒரு முழம் சுற்றியிருந்தது. பையன் வண்டியைத் தூக்கிக்கொண்டான், மாமா ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

"மாப்ள, அடுத்த தடவை வரும்போது இன்னொரு பேட்டரி. இது அரை மணிகூட நிக்கலை."

"சரி மாமா."

"என்ன விலை இது?"

"ஆபீஸ்ல... ஒரு ஸ்கீம்ல வந்தது மாமா."

என் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

தெருமுனையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்னண்ணே, ரொம்ப நாளாச்சு வெளியே பாத்து? மாப்பிள்ளை வந்திருக்காகளா? டேங்க் வாங்கியாந்தாகன்னு அக்கா சொல்லுச்சு. எத்தனை லிட்டர்ணே?"

மாமா நிற்காமல் நடந்துகொண்டே சொன்னார்:

"டீசல், ஆயிரத்து இருநூறு லிட்டர்!"